கணவர் பலமாகக் குறட்டை விடுகிறார், இடையில் மூச்சு நின்றுபோகிற மாதிரி இருக்கிறது. இது வருத்தமா? டொக்டரிடம் வர மறுக்கிறார், என்ன செய்வது?

வருத்தமாக இருக்கலாம், அக்கா. நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற 'ஸ்லீப் அப்னியா' என்ற நோய் அது. குறட்டையை விட அந்த 'இடையில்' என்ற சொல்தான் எனக்கு மனதில் தைத்தது. எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. நாங்கள் அதைக் கவனிக்க ஆறேழு வருடம் போய்விட்டது.

அப்பா வான் ஓட்டுகிறவர். திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப்போவார், அனேகமாக இரவு ஓட்டம். பகலில் சாய்மனைக் கதிரையில் பேப்பரை விரித்தபடியே தூங்கிவிடுவார். "இரவெல்லாம் முழிப்பு, மனிசன் களைச்சுப்போய்க் கிடக்கிறார்" என்று அம்மா எங்களைச் சத்தம்போட விடமாட்டா. அவர் குறட்டை பக்கத்து வளவுக்கும் கேட்கும். நல்ல நித்திரைக்கு அதுதான் அடையாளம் என்று நினைத்திருந்தோம்.

ஒரு வைகாசியில் வெக்கை தாங்காமல் நானும் விறாந்தையில் அவருக்குப் பக்கத்தில் பாய் போட்டேன். நடுச்சாமத்தில் குறட்டை சட்டென்று நின்றது. தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் வயிறு வெளியே தள்ளுகிறது, நெஞ்சு அதற்கு எதிர்மாறாக உள்ளே போகிறது. மூக்கடியில் புறங்கையைப் பிடித்தேன், காற்றே இல்லை. எண்ணத் தொடங்கினேன். 34 எண்ணும்போது உடம்பை ஒரு உலுப்பு உலுப்பி, செருமிக்கொண்டு மூச்சை இழுத்தார். கண் திறக்கவில்லை. இரண்டு நிமிடம் குறட்டை, திரும்ப அதே அமைதி. விடிய எழும்பி "நல்ல நித்திரை" என்றார்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். ஒடுங்கிய வழியில் காற்று அதிர்ந்து போவதுதான் குறட்டை. வழி முழுவதும் ஒட்டிப்போனால் காற்று போகாது, மூச்செடுக்கிற முயற்சி மட்டும் நடக்கும். வயிறு தள்ளுவதாக நான் பார்த்தது அதைத்தான். இரத்தத்தில் ஒக்சிசன் இறங்கியதும் மூளை ஆளை அரைகுறையாக எழுப்பும், அது அவருக்கே தெரியாது. 10 செக்கனாவது மூச்சு நின்றால் அல்லது வெகுவாகக் குறைந்தால் ஒரு தடவை என்று கணக்கு. வளர்ந்தவர்களுக்கு மணித்தியாலத்துக்கு 5 தடவைக்குக் கீழே என்றால் சரி, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

பகலிலும் அடையாளம் உண்டு. காலையில் தலையிடி, வாய் வறட்சி, தொட்டதற்கெல்லாம் கோபம், குளிசைக்கு அடங்காத பிரஷர், இரவில் மூன்று நாலு தரம் சலத்துக்கு எழும்புவது. அப்பாவுக்கு இத்தனையும் இருந்தது. பிரஷருக்கு மூன்றாவது குளிசை கொடுத்தார்கள், சலத்துக்குச் சீனி வருத்தமா என்று இரத்தம் சோதித்தார்கள். நித்திரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கழுத்துச் சுற்று 40 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் சந்தேகம் கூடும். ஆனால் தாடை சிறுத்து உள்ளே தள்ளியிருந்தால் மெலிந்த ஆட்களுக்கும் வரும். குழந்தைகள் வாயைத் திறந்து குறட்டை விட்டால் பெரும்பாலும் டொன்சில், அடினொயிட் (மூக்குக்குப் பின்னால் இருக்கிற சதை) வீக்கம், அதையும் காட்ட வேண்டும்.

அந்த மாதமே, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் வானை மண்கரைக்கு இறக்கிவிட்டார். யானை குறுக்கே வரும் என்று எல்லாரும் கண்ணை அகல விரித்து ஓட்டுகிற துண்டு அது. பின்னால் இருந்தவர் கத்தித்தான் விழித்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிகிச்சை தொடங்கும் வரை சாவி அம்மாவின் அலுமாரியில்தான் இருந்தது. உங்கள் கணவர் மோட்டார் சைக்கிள் மட்டும் ஓட்டினாலும், பகலில் தூங்கி விழுகிறார் என்றால் தயவுசெய்து அதை முதலில் நிறுத்துங்கள்.

இதைக் கண்டுபிடிக்கிற நித்திரைச் சோதனை வலியில்லாதது. தலையில் வயர், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டி, விரலில் கிளிப் போட்டு ஒரு இரவு படுக்க வேண்டும். நாங்கள் கொழும்புக்குப் போய்ச் செய்தோம். சிலருக்கு வீட்டிலேயே செய்கிற சின்னச் சோதனை போதும். அப்பாவுக்கு மணித்தியாலத்துக்கு 42 தடவை மூச்சு தடைப்பட்டது, இரத்தத்தில் ஒக்சிசன் 74 வீதம் வரை இறங்கியிருந்தது.

அவருக்குச் சீபாப் மெஷின் கொடுத்தார்கள். அயலில் அதை ஒக்சிசன் மெஷின் என்றார்கள், இல்லை. அறைக் காற்றையே மெல்லிய அழுத்தத்தோடு ஊதித் தொண்டை ஒட்டாமல் பிடித்திருக்கும், அவ்வளவுதான். 1981இல் சிட்னியில் கொலின் சல்லிவன் என்ற வைத்தியரின் குழு கொண்டுவந்த வழி. முதல் கிழமை அப்பா தூக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றி எறிந்தார். மாஸ்க்கின் அளவை மாற்றி, பகலில் ரிவி பார்க்கும்போது போட்டுப் பழக்கிய பிறகுதான் சரிவந்தது. இரவில் நாலு மணித்தியாலமாவது போட வேண்டும், முழு இரவும் என்றால் நல்லது. அது ஓடத் தொடங்கிய முதல் இரவுகளில் வீடு அமைதியாக இருந்ததில் அம்மாவுக்குத்தான் நித்திரை வரவில்லை. எழும்பி எழும்பி அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தா.

எல்லாருக்கும் மெஷின் தேவைப்படாது. நிறையைக் குறைப்பது, ஒரு பக்கம் சரிந்து படுப்பது, சாராயத்தை விடுவது, டொக்டரிடம் கேளாமல் நித்திரைக் குளிசை போடாமல் இருப்பது, லேசானவர்களுக்கு இவையே நல்ல பலன் தரும். கீழ்த் தாடையை முன்னால் பிடித்திருக்கும் பல் கருவியும் உண்டு.

வர மறுக்கிறார் என்றீர்கள். அப்பாவும் "ஆர் குறட்டை விடாதது?" என்றுதான் சொன்னார். ஃபோனில் மூன்று நிமிடம் வீடியோ எடுத்துக் காட்டினேன், இரண்டாம் தடவை தானே போட்டுப் பார்த்துவிட்டு "எப்ப போவம்?" என்றார். நீங்களும் எடுங்கள். அவரைத் தனியே அனுப்பாமல் கூடவே போங்கள். நித்திரை எப்படி என்று டொக்டர் கேட்டால் அவர் "நல்லா வருது" என்றுதான் சொல்வார்.