வண்டியை நிறுத்திய பிறகு: முதியோர் பயணம் குறித்த வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே கவலையைச் சுற்றி அமைந்திருந்தன. வயது காரணமாகவோ நோய் காரணமாகவோ வண்டி ஓட்டுவதை நிறுத்தியவர்கள் இனி எப்படி வெளியே சென்று வருவது என்பதே அது. எனவே இந்த இதழின் பக்கங்களை அக்கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. என் தாயுடன் சென்னை நங்கநல்லூரில் வசிக்கிறார். பணிக்காலம் முழுவதும், ஓய்வு பெற்ற பின்னரும், எங்கு செல்வதானாலும் ஸ்கூட்டர்தான். குளுக்கோமா இருப்பதால் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் கூறிவிட்டார். தந்தையோ, "எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது" என்கிறார். நான் வெளியூரில் இருக்கிறேன். சாவியை வாங்கி வைத்துவிடலாமா? அதன் பிறகு அவர்கள் வெளியே போக என்ன வழி? — ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: உங்கள் தந்தையார் பிடிவாதத்தால் அப்படிச் சொல்லவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். குளுக்கோமா பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில் பாதிக்கிறது. நேர்ப்பார்வை நெடுங்காலம் தெளிவாகவே இருப்பதால், செய்தித்தாளும் பேருந்து எண்ணும் அவருக்கு உண்மையிலேயே நன்றாகத் தெரியும். ஆனால் இடப்பக்கச் சந்திலிருந்து சைக்கிளில் வெளிப்படும் சிறுவன் அவர் கண்ணில் படாமல் போகலாம். ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, பார்வைப் புலப் பரிசோதனையின் படத்தை அவரிடமே காட்டி விளக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மகளின் வாயால் கேட்பதைவிட, எந்தப் பகுதியில் பார்வை இல்லை என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்து அவர் முடிவெடுப்பது மேல்.

சாவியைப் பறிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக, பெற்றோர் இருவரும் ஒரு மாதத்தில் எங்கெல்லாம் சென்று வருகிறார்கள் என்று அவர்களுடனேயே அமர்ந்து எழுதுங்கள். மருத்துவமனை, வங்கி, காய்கறிக் கடை ஆகியவை எல்லோருடைய பட்டியலிலும் வந்துவிடும். விடுபட்டுப் போவது மற்றவைதான்: வெள்ளிக்கிழமைக் கோயில், பழைய அலுவலக நண்பரின் வீடு, நூலகம், உறவினர் வீட்டு வளைகாப்பு. வண்டி நின்ற வீடுகளில் மருத்துவமனைக்கு எப்படியாவது ஏற்பாடு நடந்துவிடுகிறது, ஆனால் நண்பர் வீட்டுக்குப் போவது மட்டும் யாரும் கவனிக்காமலேயே நின்றுவிடுகிறது. முதுமையில் ஒருவரை வீட்டுக்குள் ஒடுக்குவது அந்த இழப்புதான் என்பதால், பட்டியலில் அவற்றையும் கட்டாயம் சேருங்கள்.

இனி வழிகளைப் பார்ப்போம். நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையம் அருகில் இருப்பது உங்கள் பெற்றோருக்குப் பெரிய வாய்ப்பு. அங்கிருந்து கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, சென்ட்ரல் ஆகிய இடங்களுக்கு வண்டி மாறாமலே செல்லலாம்; எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குச் செல்வதானால் ஆலந்தூரில் இறங்கி அடுத்த தடத்துக்கு மாறினால் போதும். நடைமேடையும் ரயிலின் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால் ஏறி இறங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் எளிது. நிலையங்களில் லிப்ட் உண்டு என்றாலும் எல்லா நுழைவாயில்களிலும் இருப்பதில்லை. ஆகையால், நீங்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவருடன் ஒருமுறை பயணம் செய்து, எந்த வாயிலில் லிப்ட் இருக்கிறது, சாலையின் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துப் பழக்கிவிடுங்கள்.

பேருந்தைப் பொறுத்தவரை, சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம் மாதத்துக்கு 10 வீதம், ஆறு மாதங்களுக்கு 60 இலவசப் பயண டோக்கன்களை ஒரே தவணையில் வழங்குகிறது. 2016 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம் இது. குடும்ப அட்டை, வயதுச் சான்று, புகைப்படங்கள் ஆகியவற்றுடன் பணிமனையிலோ பேருந்து நிலையத்திலோ உள்ள மையத்துக்கு நேரில் சென்று முதல் முறை அடையாள அட்டை பெற வேண்டும். குளிர்சாதனப் பேருந்துகளில் இந்த டோக்கன் செல்லாது. தாயாருக்கு இதைவிடப் பெரிய சலுகை இருக்கிறது: 2021 மே மாதம் முதல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் அனைவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். 2024 ஆகஸ்ட் முதல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன. நிறுத்தத்தில் நின்றதும் வாசற்பக்கம் தாழ்ந்து கொடுக்கும் இவ்வண்டிகளில், உயரமான படிகள் ஏறாமலே உள்ளே செல்லலாம். எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் அவை வருகின்றன என்பதை நிறுத்தத்தில் ஓரிரு நாள் கவனித்துக் குறித்துக்கொள்வது நல்லது.

பேருந்தில் முதியோர் கீழே விழுவது பெரும்பாலும் அமர்வதற்கு முன் வண்டி புறப்படும்போதுதான். "உட்கார்ந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள்" என்று நடத்துநரிடம் உரக்கச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். காலை 11 மணிக்கு மேல், பிற்பகல் 3 மணிக்குள் என்று பயணங்களை வைத்துக்கொண்டால் உட்கார இடமும் கிடைக்கும், நெரிசலும் இராது.

வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையே உள்ள தூரத்துக்கும், அவசரமான நாள்களுக்கும் ஆட்டோதான் கைகொடுக்கும். அதற்கான செலவைக் கண்டு பெற்றோர் தயங்குவார்கள் என்பதால் இந்தக் கணக்கை அவர்கள் முன் வையுங்கள். ஸ்கூட்டரின் பெட்ரோல், காப்பீடு, சர்வீஸ், பேட்டரி மாற்றுதல் என்று ஓராண்டில் செலவான தொகையைக் கூட்டி, வண்டியை விற்று வரும் பணத்தையும் அதனுடன் சேர்த்து, "பயணச் செலவு" என்று தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அந்தக் கணக்கு அவர் பெயரில், அவர் கையில் இருக்கட்டும். எங்கே, எப்போது போவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவரிடமே இருந்தால், வண்டியை விடுவது அவருக்கு அவ்வளவு வலிக்காது.

கேள்வி: எனக்கு 71 வயது. ஓட்டுநர் உரிமம் சில மாதங்களில் காலாவதியாகிறது. கார் ஓட்டுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்று புதுப்பித்து வைக்கலாமா? — ஒரு வாசகர், திருச்சி

பதில்: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 55 வயதைக் கடந்தவர்களுக்கு உரிமம் ஒவ்வொரு முறையும் ஐந்தாண்டுகளுக்கே புதுப்பிக்கப்படுகிறது, 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் படிவம் 1ஏ-இல் மருத்துவச் சான்றும் இணைக்க வேண்டும். அந்தச் சான்றை வெறும் சடங்காக நினைக்காமல், பார்வை, கழுத்துத் திருப்பம், நீங்கள் உண்ணும் மாத்திரைகளால் வரக்கூடிய தூக்கம் ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அவர் தயங்கினால் புதுப்பிக்க வேண்டாம். காலாவதியான ஓராண்டுக்குள் புதுப்பிக்காவிட்டால் மீண்டும் ஓட்டுநர் தேர்வு எழுத நேரிடும் என்பதையும், காலாவதியான உரிமத்துடன் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேலும், எப்போதோ ஒருமுறை, அதுவும் பதற்றமான நேரத்தில், இரவில் ஓட்டுவதே மிக ஆபத்தானது. அவசரத்துக்கு 108 இருக்கிறது.

கேள்வி: என் கணவர்தான் கார் ஓட்டுவார். பக்கவாதத்துக்குப் பின் அவரால் முடியவில்லை. எங்களிடம் இருப்பது சாதாரண பட்டன் போன். செயலி வழியாக வண்டி அழைக்கத் தெரியாத எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? — ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் ஊரில் ரெட் டாக்சி போன்று தொலைபேசியில் அழைத்தாலே வரும் கால் டாக்சிகள் இருப்பதால் நீங்கள் வருந்தத் தேவையில்லை. அழைக்கும்போதே, முதியவர் என்பதையும் ஏறுவதற்குச் சற்று நேரமாகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் தங்கள் செயலியிலிருந்து உங்களுக்காக வண்டி பதிவு செய்யலாம். ஓலா, ஊபர் இரண்டிலும் அதற்கு வழி உண்டு. வண்டி எண்ணையும் ஓ.டி.பி.யையும் அவர்கள் தொலைபேசியில் சொன்னால், ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் காட்டினால் போதும்.

ஆயினும் என் அனுபவத்தில் முதியோருக்கு மிக நன்றாகப் பயன்படுவது, தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் உள்ள ஒருவருடன் செய்துகொள்ளும் நிலையான ஏற்பாடுதான். வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, காத்திருப்பதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, ஒவ்வொரு பயணத்தையும் இருவரும் ஒரு நோட்டில் குறித்து, வாரம்தோறும் கணக்கை முடித்துவிடுங்கள். அவர் வர முடியாத நாளுக்கு அதே ஸ்டாண்டில் இரண்டாவதாக ஒருவரையும் அறிமுகம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பழகிய ஓட்டுநர் உங்கள் கணவரின் எந்தப் பக்கம் பலவீனம் என்பதை அறிந்து அந்தப் பக்கம் நின்று பிடிப்பார். புதிதாக வருபவரிடம் அதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும். காரில் ஏறும்போது ஒரு காலை உள்ளே வைத்துக் குனிந்து நுழைவதைத் தவிர்த்து, முதலில் இருக்கையில் பின்புறமாக அமர்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். பைக் டாக்சி மலிவு என்பதற்காக அதை மட்டும் நாட வேண்டாம்.

கேள்வி: மதுரையிலிருந்து சென்னைக்கு முன்பெல்லாம் காரிலேயே சென்றுவிடுவோம். இனி ரயில்தான். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை இன்னும் உண்டா? — ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆண்களுக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கு 50 விழுக்காடு என்றிருந்த சலுகை, 2020 மார்ச் 20 முதல் நிறுத்திவைக்கப்பட்டது. முதியோரின் நீண்ட பயணத்தைச் சாத்தியமாக்கிய அந்தச் சலுகை மீண்டும் வழங்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. 60 வயது நிறைந்த ஆண்களும், 45 வயது நிறைந்த பெண்களும் அதைக் கோரலாம். ஆனால் தனியாகவோ இருவராகவோ பயணம் செய்தால்தான் அது பொருந்தும். மூன்றாவதாக ஒருவரை அதே பயணச்சீட்டில் சேர்த்தால் கிடைக்காது. பகலில் செல்ல முடிந்தால் வைகை, தேஜஸ் போன்ற ரயில்களில் இருக்கையில் அமர்ந்தபடியே சென்றுவிடலாம், படுக்கைக் கவலையே எழாது. தென்சென்னையில் வீடு இருந்தால் எழும்பூர் வரை செல்லாமல் தாம்பரத்திலேயே இறங்குங்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்திலிருந்து பேருந்து நிறுத்தம் இரண்டு கிலோமீட்டர். மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டு விடுவான். அவனும் வேலைக்காக வெளியூர் சென்றுவிட்டான். மாத்திரை வாங்கவும் பென்ஷன் வேலைக்கும் அலைய முடியவில்லை. — ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: சில வேலைகளுக்கு நீங்கள் அலைய வேண்டியதே இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராமச் செவிலியரிடமோ பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றை அஞ்சலக ஊழியர் வீட்டுக்கு வந்தே எடுத்துத் தருவார். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டு வாசலிலேயே அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ரேஷன் பொருள்களை முதியோருக்கு வீடு தேடிக் கொடுக்கும் தாயுமானவர் திட்டமும் 2025 ஆகஸ்ட்டில் தொடங்கியது. இவை எது குறித்தும் சந்தேகம் எழுந்தால், 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேளுங்கள்.

இவையெல்லாம் கிடைத்தாலும் பேருந்து வேண்டும் என்ற கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். பேருந்து எட்டாத ஊர்களை இணைப்பதற்காக அரசு புதிய சிற்றுந்துத் திட்டத்தை 2025-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உங்கள் ஊரைப் போன்ற இடங்களுக்கே அது பொருந்தும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், ஊரில் எத்தனை முதியவர்கள் இருக்கிறார்கள், நிறுத்தம் எவ்வளவு தூரம், எந்த நாளில் எந்த நேரத்தில் வண்டி தேவை என்பவற்றைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றச் செய்யுங்கள். அதன் நகலுடன், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் நேரில் போக இயலாவிட்டால், ஊர் சார்பில் வேறு ஒருவர் கொடுத்தாலும் மனு ஏற்கப்படும்.