நீலக் கொடுக்குக்கு வயசு என்ன?

கேள்வி: கொள்ளிடத்து இறால் என்று சொல்லி வாங்கிய ஒரு கிலோவில், நீண்ட நீலக் கொடுக்கோடு பெரியது ஒன்றே ஒன்று. நாலைந்துக்கு ஆரஞ்சுக் கொடுக்கு. மீதியெல்லாம் சுண்டுவிரல் அளவு. "பெரியது கிழடு, பொடி போன மாசம் பிறந்தது" என்கிறார் விற்பவர். பெரியதை உரித்தால் சதையும் ஏமாற்றமாக இருந்தது. ஏன்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: விற்பவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார், அம்மா. உங்கள் சட்டியில் விழுந்த ஆண்கள் எல்லாம் ஒரே நாளில் பொரித்த அண்ணன் தம்பிகளாகக்கூட இருக்கலாம். கடலோரத்து ஹேச்சரி (இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை) ஒன்றில் பதினோரு வருஷம் இருந்தவன் நான். ஒரே தொட்டிக் குஞ்சுகளை ஒரே நாளில் குளத்தில் விட்டு, ஆறு மாதம் கழித்து வலை இழுத்தால் உள்ளங்கை கொள்ளாத ஒன்றும் விரல்கடை அளவில் ஒன்றும் சேர்ந்தே வரும். முதல் தடவை பார்த்தபோது, பழைய இறால் கலந்துவிட்டது என்று குளத்துக்காரரோடு சண்டையே போட்டேன்.

ஆற்று இறால் ஆண்களில் மூன்று வகை உண்டு. பொடியன், ஆரஞ்சுக் கொடுக்கன், நீலக் கொடுக்கன். இந்த வரிசையை வைப்பது வயசு இல்லை, அக்கம்பக்கம்தான். வேகமாக வளர்பவன் ஆரஞ்சுக்காரன். தின்பதெல்லாம் உடம்பில் ஒட்டும், நீலனைக் கண்டால் ஒதுங்கிப் போவான். பிறகு ஒருநாள் ஓட்டைக் கழற்றிவிட்டு நீலக் கொடுக்கோடு வருவான். அப்படி வரும்போது சுற்றியிருக்கும் நீலர்களில் பெரியவனையும் விஞ்சியிருப்பான். அதுவரை மாறாமல் காத்திருப்பான். நாம் சின்ன வயசில் விளையாடிய பச்சைக்குதிரைதான்: முன்னால் குனிந்திருப்பவனைத் தாண்டித்தான் போகவேண்டும். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 1980களில் இதைக் குளங்களில் வைத்து விவரமாக எழுதினார்கள்.

நீலமான பிறகு வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும். கொடுக்கு உடலைவிட நீளம், தலையும் பெரிசு. அந்த இரண்டையும் கழித்தால் நீங்கள் காசு கொடுத்ததில் எவ்வளவு மிஞ்சும்? அடுத்த தடவை ஆரஞ்சையே பொறுக்குங்கள். பொடியனை மட்டும் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். அவனும் வயசுக்கு வந்தவன்தான். பெரியவன் பெட்டையைக் காவல் காக்கும்போது இடுக்கில் புகுந்து காரியத்தை முடித்துவிடுவான். நீலனைப் பிடித்து எடுத்துவிட்டால் ஆரஞ்சு நீலமாகும், பொடியன் வளரத் தொடங்குவான்.

கேள்வி: வாங்கும் இறாலில் சிலது ஓடே இல்லாதது போல வதவதவென்று இருக்கிறது. கெட்டுப்போனதா?
- வாசகர், திருச்சி

பதில்: நாற்றம் இல்லாவிட்டால் கெட்டதல்ல. அப்போதுதான் ஓடு கழற்றியது. எங்கள் பக்கம் 'சாஃப்ட்' என்போம். ஓடு நீளாது, அதனால் கழற்றி, தண்ணீரை உறிஞ்சி உப்பி, புது ஓடு இறுகுவதற்குள் பெரிசாகிக்கொள்ளவேண்டும். வளர்ச்சி படிப்படியாக வருவது இதனால்தான். பழைய ஓட்டை, கண் மேலுள்ள மூடி, மீசை வரைக்கும் முழுசாகக் கழற்றிவிடுவதால், மீன் செதிலில் வளையம் எண்ணுவது போல இதற்கு வயசு எண்ணவும் முடியாது.

பெட்டை ஓடு கழற்றி மெத்தென்று இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் இணைசேரும். அதற்கு முன்பே தலை ஓட்டுக்குள் சினை ஆரஞ்சாகத் தெரியும். ஒரு நாளுக்குள் முட்டையிட்டு வயிற்றடியில் ஒட்டிக்கொள்ளும். முதல் ஈற்றில் 5,000 முதல் 20,000 வரை. நன்றாக வளர்ந்த பெட்டை என்றால் 80,000 முதல் 1,00,000 வரை. ஆரஞ்சு முட்டை மூன்று வாரத்தில் சாம்பல் நிறமானால் பொரிக்கப்போகிறது என்று அர்த்தம்.

கேள்வி: கொள்ளிடம் அணைக்கரையில் இறால் குஞ்சுகள் ஈரச் சுவரில் ஏறும் என்று அப்பா சொல்வார். ஆற்றில் இருக்கும் இறாலுக்குச் சுவர் ஏறும் வேலை எதற்கு?
- வாசகி, சீர்காழி

பதில்: அப்பா சொன்னதை நம்புங்கள். அவர் பார்த்தது பெரும்பாலும் மால்கம்சோனி என்ற சின்ன இனமாக இருக்கும். மேலே சொன்ன நீலக் கொடுக்கு இனம் பெரியது, அதன் பேர் ரோசன்பெர்கி. வழி இரண்டுக்கும் ஒன்றுதான். பேர் ஆற்று இறால் என்றாலும் குஞ்சாகப் பிழைக்க உப்பு வேண்டும். தாய் முகத்துவாரம் நோக்கி இறங்கும். பொரித்தது 2 மில்லிமீட்டர்கூட இருக்காது; தலைகீழாக, வால் முன்னே போக நீந்தும். இரண்டு நாளில் உப்பங்கழியைச் சேராவிட்டால் சாவுதான்.

இது 1960களின் தொடக்கம் வரை யாருக்கும் பிடிபடவில்லை. பினாங்கில் எஸ்.டபிள்யூ. லிங் என்ற விஞ்ஞானியின் தொட்டியில் குஞ்சுகள் செத்துக்கொண்டே இருந்தன. கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்துக் கடைசியில் சோயா சாஸை ஊற்றினாராம், அவை பிழைத்தனவாம். ஹேச்சரிகளில் அலுக்காமல் சொல்லும் கதை இது. என் கதை அதற்கு நேர் எதிர். ஒரு ராத்திரி நல்லதண்ணீர் வால்வை மூட மறந்து தூங்கிவிட்டேன். கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு உப்பு இருக்கவேண்டிய தொட்டி, விடியும்போது குடிக்கிற தண்ணீராக இருந்தது. அடியில் வெள்ளைப் பொடி படிந்தது போல அத்தனை குஞ்சும்.

பதினொரு பருவம் தாண்டி 7, 8 மில்லிமீட்டர் இறாலான பிறகு தலை நிமிர்ந்து ஆற்றை எதிர்த்து ஏறும். ஈரம் இருந்தால் செங்குத்துச் சுவரிலும் ஏறும், கரையில் ஊர்ந்தும் போகும். ஆனால் ஷட்டரை இறக்கித் தண்ணீரை நிறுத்திவிட்டால் ஈரம் ஏது? ஏற வந்தவை அணைக்குக் கீழே மடுவில் குவியும். கொக்குக்கும் வலைக்கும் அன்றைக்கு விருந்து. கேரளத்து வேம்பநாட்டுக் காயலில் தண்ணீர்முக்கம் என்ற தடுப்பணையை அடைத்திருக்கும் மாதங்களில் இறங்கும் தாய்க்கும் இதே கதிதான்.

சாம்பல் முட்டையோடு வந்ததை நான் வாங்குவதில்லை. மீன்காரம்மா என் தலையைக் கண்டதும் அதைக் கூடைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்.