வாசலில் ஐந்து நிமிடம்

கேள்வி: தொற்றுநோய் பரவும் நேரத்தில் வீடு வீடாகப் போய்ச் சத்துணவு பற்றிப் பேசும் தன்னார்வலர் நான். கூட்டம் கூட்ட வழியில்லை; வாசலில் ஐந்து நிமிடம் நின்றாலே அதிகம். எல்லோரும் கேட்பது 'எதைச் சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி வரும்?' என்றுதான். என்ன சொல்லட்டும்?

பதில்: இதைச் சாப்பிட்டால் தொற்று அண்டாது என்று சொல்ல ஓர் உணவும் இல்லை, ஒரு மாத்திரையும் இல்லை. அதை நேராகச் சொல்லிவிடுங்கள். முகம் கொஞ்சம் வாடும், வாடட்டும். அப்புறம், 'வீட்டில் ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கிறதா?' என்று கேளுங்கள். இருந்தால், என்னைப் பொறுத்தவரை மிச்ச நேரம் முழுக்க அந்தக் குழந்தைக்குத்தான்.

கையில் கைச்சுற்றளவு நாடா வைத்திருங்கள்; குழந்தையின் மேல்கையைச் சுற்றி அளந்து ஊட்டச்சத்துக் குறைவைக் காட்டும் வண்ணப் பட்டை அது. 6 முதல் 59 மாதக் குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடுமையான குறைவு; அதிலிருந்து 12.5 வரை மஞ்சள், மிதமான குறைவு; அதற்கு மேல் பச்சை, குறைவில்லை. நீங்கள் குழந்தையைத் தொட வேண்டாம். தள்ளி நின்று சொல்லுங்கள், அம்மாவே அளக்கட்டும். இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்ற வேண்டும். புதிதாக அளப்பவர்கள் நாடாவை இறுக்கிவிடுவார்கள். நல்ல குழந்தையும் மஞ்சளுக்கு வந்துவிடும். நாடா தோலில் படிந்தால் போதும், சதை பிதுங்கக் கூடாது. ஒருமுறை பழகிவிட்டால் நீங்கள் வர முடியாத வாரங்களிலும் அவரே அளப்பார். நாடாவைக் கொடுத்துவிட்டே வாருங்கள். துண்டுப் பிரசுரம் அடிக்கிற காசுக்கு இது எவ்வளவோ மேல்.

அடுத்தது, வயிற்றுப்போக்கு வந்தால் வயிற்றைக் காயப்போடும் பழக்கம். அதை மட்டும் விடாமல் பேசுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலோடு சாப்பாடும் தொடர வேண்டும். துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள். போக்கு நின்றாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. தேறிய பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதல் உணவு. தாய்ப்பாலை எதற்காகவும் நிறுத்தச் சொல்லாதீர்கள். கொரோனா தொற்றிய தாய்மாரும் முகக்கவசம் போட்டு, கை கழுவிப் பால் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

கிளம்பும் முன், 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். 'நாளைக்கே போக்கு வந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்' என்று கேளுங்கள். ஆங், இன்னொன்று: குழந்தையின் இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவின் வீக்கமாக இருக்கலாம்; நாடா பச்சை காட்டினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.