கிறிஸ்தவக் கல்லூரி சேப்பலில் புதுப் பாட்டையும் டிரம்ஸையும் அனுமதிப்பது சரியா?

அனுமதிக்கலாம். ஆனால் பெஞ்சில் இருக்கிற பிள்ளைகளை வாய்மூடி வேடிக்கை பார்க்க வைக்கிற பாட்டு, புதுசோ பழசோ, எதுவுமே வேண்டாம். என் பதில் இதுதான். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதை மட்டும் விளக்குகிறேன்.

உங்கள் தங்கை படிக்கும் கல்லூரியில் மேல்நாட்டு மெட்டிலுள்ள பாமாலை, கர்நாடக இசையிலுள்ள கீர்த்தனை தவிர வேறெதையும் பாடக் கூடாது என்றிருந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள், பழைய மாணவர்கள் கொதித்துப்போய்க் கடிதம் எழுதுகிறார்கள், யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலிச் சீமையில் இதே சண்டை நடந்த இன்னொரு கல்லூரியில் படித்தவள் நான். விதிகளைத் திருத்த அங்கே அமைத்த குழுவில் பழைய மாணவர் சார்பில் இருந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை.

எங்கள் காலத்தில் சேப்பலுக்கு முக்காடு போட்டுத்தான் போக வேண்டும். வாத்தியம் என்றால் ஆர்மோனியம், விசேஷ நாளில் ஆர்கன். கைதட்டல் கிடையாது. அந்த வாரம் பாடப்போகிற பாட்டுகளின் எண்கள் முந்தின வெள்ளிக்கிழமையே நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டுவிடும். நான் கொயரில், அதாவது பாடகர் குழுவில், ஆல்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடினேன். அந்த ஒழுங்கை நான் நேசித்தேன், இன்றும் நேசிக்கிறேன்.

பின்னால் புதிய சாப்ளின், அதாவது கல்லூரிக் குருவானவர், வந்தார், மாணவர்கள் கேட்டார்கள், ஒரே ஒரு சுற்றறிக்கையில் விதி மாறிப்போனது. வாரத்தில் ஒரு நாள் துதி ஆராதனை, மேடையில் டிரம்ஸ், பேஸ் கிட்டார், கீபோர்டு, இரண்டு பெரிய ஸ்பீக்கர். அந்த வீடியோ வாட்ஸாப்பில் சுற்றியதும், “இது என்ன பெந்தெகொஸ்தே சபையா?” என்று பழைய மாணவர் குழு கொந்தளித்தது. இரண்டு தலைமுறையாக அந்தக் கோவிலில் பாடிக்கொடுத்த கொயர் மாஸ்டரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதிக் கோபம் இதனால் வந்தது. உட்கார்ந்து பேசியிருந்தால் சண்டை இவ்வளவு தூரம் போயிருக்காது.

எங்கள் தரப்பு “நம்ம பாரம்பரியம்” என்று பேசும்போதெல்லாம் எனக்குக் கீர்த்தனைகள் கட்டிய வேதநாயக சாஸ்திரியார் ஞாபகம் வரும். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், சிறுவயதில் ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்லப்பட்டவர். 1820களில் தஞ்சைச் சபைக்குப் புதிதாக வந்த மிஷனெரிகள் மேல் அவர் அடுக்கிய குறைகளில் ஒன்று, கோவிலில் தமிழ்க் கீர்த்தனங்களைப் பாடவிடாமல் தடுக்கிறார்கள் என்பது. இன்று நாம் காப்பாற்றத் துடிக்கிற கீர்த்தனைகள் அன்று கோவில் வாசலில் நிறுத்தப்பட்ட பாட்டுகள். 1853-இல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அவற்றைத் தொகுத்து அச்சிட்ட பிறகுதான் அவை சபை சபையாகப் பரவின. இதோடு நிறுத்திக்கொண்டால் கதை சுகமாக இருக்கும். ஆனால் அதே குறைகளின் வரிசையில், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்கார வைக்கிறார்கள் என்பதையும் அவர் சேர்த்திருந்தார். அவருடைய பாட்டை நான் உயிராகப் பாடுகிறேன், அந்தக் குறையை ஏற்க மாட்டேன். பாரம்பரியத்தைக் காக்கக் கிளம்புகிறவர்கள் அந்தப் பெயரில் வேறு எதையெல்லாம் சேர்த்துக் காக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

எங்கள் குழுவிலும் அது வெளியே வந்தது. முதல் கூட்டத்தில், புதுப் பாட்டு வேண்டுமென்று கேட்ட ஒரு மாணவி சொன்னாள்: “அக்கா, உங்க கொயர்ல சேரணும்னா சோல்ஃபா தெரியணும். எங்க ஊர் ஜெபவீட்டுல அதெல்லாம் யாரு சொல்லித் தந்தா? ஐயர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் டீச்சர் வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான் அது தெரியும்.” அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சோல்ஃபா என்பது டோ, ரே, மி என்று மெட்டை எழுத்தில் எழுதிப் படிக்கிற முறை; ஐயர் என்று அவள் சொன்னது சபைக் குருவானவரை. அவள் சொன்னது உண்மை. பாமாலை மெட்டுகள் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவை. 18-ஆம் நூற்றாண்டில் மிஷனெரி பெப்ரிசியஸ் போன்றவர்கள் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கிய நாளிலிருந்து நமக்கு அவை சொந்தமாகிவிட்டன. ஆனால் யாருக்குச் சொந்தம்? மிஷன் பள்ளியும் போர்டிங்கும் பார்த்த குடும்பங்களுக்கு. ஆலங்குளத்திலோ திசையன்விளையிலோ தகரக்கூரை ஜெபவீட்டில் வளர்ந்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு அது அந்நியப் பாட்டுதான். அந்தப் பிள்ளைகளுக்குத் தாலாட்டு மாதிரி இருப்பவை ஃபாதர் பெர்க்மான்ஸின் துதிப் பாட்டுகள். அவற்றுக்கே இப்போது வயதாகிவிட்டது, கேசட் காலத்துப் பாட்டுகள் அவை. அவற்றைச் சேப்பலில் பாடக் கூடாது என்று நாற்பது வருஷம் முந்திய ஒரு தாளைக் காட்டிச் சொல்வது அநியாயம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, புதுப் பாட்டுக்காரர்களிடம் எனக்கிருக்கிற பெரிய வருத்தத்தையும் சொல்ல வேண்டும்.

துதி ஆராதனையை நேரில் பார்ப்பதற்காக நானும் கொயர் மாஸ்டரும் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். மேடையில் அருமையாகப் பாடினார்கள். கீழே பாதிப் பேர் பாடவில்லை. முடிந்ததும் அவர் மேடையில் பாடின பையனைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்க நல்லாப் பாடுதீங்க. கீழ இருக்க பிள்ளைகள் பாடுதாங்களான்னு பாத்தீங்களா?”

“ஐயா, ரெக்கார்டிங்ல அந்த ஸ்கேல்லதான் இருக்கு.”

“ரெக்கார்டிங்ல பாடினது ஒருத்தரு. இங்க கோவில் நிறைய ஆளு இருக்கு.”

அந்தப் பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற முதலாண்டு மாணவி மெதுவாக, “மேல போற வரி எனக்கு வராது ஐயா, அப்போ வாயை மட்டும் அசைப்பேன்” என்றாள்.

இதைச் சுருதி தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கச்சேரியில் ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் அதைவிட உயர்ந்த ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவது சாதாரணம்; கட்டை என்பது சுருதியின் அளவு. இருவரையும் ஒரே சுருதியில் சேர்த்துப் பாட வைக்க வேண்டுமென்றால் பாட்டின் எல்லை குறுகலாக இருக்க வேண்டும். பாமாலை மெட்டுகளில் பெரும்பாலானவை ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ஸ முதல் மேல் ஸ வரைக்குள், அடங்கும், மிஞ்சினால் ஒன்றிரண்டு ஸ்வரம் கூடும். சபைக்கென்றே கட்டிய மெட்டுகள் அவை. இப்போது வருகிற பல பாட்டுகள் ஒரு தனிப் பாடகரின் தொண்டைக்குக் கட்டியவை. தொடக்கத்தை அடித்தொண்டையில் பாடிவிட்டு, கடைசியில் ஒரு ஸ்தாயி மேலே தூக்கிவிடுவார்கள். சுருதியை இறக்கினால் முதல் வரி பெண்களுக்கு எட்டாத ஆழத்துக்குப் போகும், ஏற்றினால் கடைசி வரி யாருக்கும் எட்டாது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது என்பதால் மட்டும் இது தீராது, மெட்டிலேயே இருக்கிற சிக்கல் இது.

இந்தக் கணக்கைப் பழைய பாட்டுக்கும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கீர்த்தனையை ஒருவர் ஒரே வரியை விதவிதமாக, சங்கதி மேல் சங்கதியாக இழைத்துப் பாட, மற்றவர்கள் பல்லவி எப்போது திரும்பி வரும் என்று காத்திருக்கிற கோவில்களும் நம் பக்கம் உண்டு. கொயர் நாலு குரலில் பாடிக்கொண்டிருக்க, சபை கைகட்டிக் கேட்கிற ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு. அதுவும் எனக்குச் சம்மதமில்லை.

கட்டடத்தையும் யாரும் கவனிப்பதில்லை. நம் மிஷன் கோவில்கள் பலவும் சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையுமாகக் கட்டியவை. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் கோவிலில் ஞாயிறு காலை நின்று பாடியவர்களுக்குத் தெரியும், சபை பாடினால் அந்தச் சத்தம் கூரை வரை போய்த் திரும்பி நம் மேலேயே இறங்கும். மனிதக் குரலுக்கு அது பெரிய துணை. அதே மாதிரிக் கூரையின் கீழ் டிரம்ஸை மைக் வைத்து அடித்தால், ஒரு அடி அடங்கும் முன் அடுத்த அடி வந்து மோதி, வார்த்தை ஒன்றும் விளங்காது. எங்கள் சேப்பலில் அதுதான் நடந்தது. டிரம்ஸ் பாவம் என்று சொன்ன பெரியவருக்கு என்னால் ஆமோதிக்க முடியவில்லை, வேதத்தில் கைத்தாளமும் தம்புருவும் வருகிறது. ஆனால் அந்தக் கூரையின் கீழ் டிரம்ஸ் வேண்டாம் என்று காதை வைத்தே நான் வாதாடினேன். திறந்த மைதானத்தில் கன்வென்ஷன் கூட்டத்தில் அடிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொரு விஷயம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிசு. விடுதியில் ஒரு மாணவியின் அப்பா திடீரென்று இறந்துபோனார். ஊரிலிருந்து வண்டி வரும் வரை அவளைச் சுற்றி உட்கார்ந்து ஜெபித்திருக்கிறார்கள். ஆராதனைக் குழுப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் பாட ஒரு பாட்டு அகப்படவில்லை. தெரிந்ததெல்லாம் வெற்றியும் ஆசீர்வாதமும் பேசுகிற பாட்டுகள். கடைசியில் மெஸ்ஸில் வேலை செய்யும் ஒரு அம்மா புத்தகமில்லாமல் ஒரு கீர்த்தனையைத் தொடங்க, தெரிந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இதைக் குழுவில் சொன்னது கிட்டார் வாசிக்கிற மாணவனே. பாமாலையிலும் கீர்த்தனையிலும் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களுக்கு, திருவிருந்துக்கு, அடக்கத்துக்கு, அறுப்பின் பண்டிகைக்கு, புறப்படுகிறவரை வழியனுப்ப என்று ஒவ்வொன்றுக்கும் பாட்டு உண்டு. ஒரு சபை நூற்றைம்பது வருஷம் பிறந்தும் செத்தும் சேர்த்துவைத்த சொத்து அது. திரையில் ஒளிர்ந்து மறைகிற வரிகளை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. புத்தகத்தில் இருந்தது அந்த அம்மாவின் நெஞ்சில் இருந்தது.

ஆகவே குழுவில் நான் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: தடை செய்யப்பட்ட வாத்தியங்களின் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். அதற்குப் பதில், எந்தப் பாட்டானாலும் சேப்பலுக்கு வரும் முன் விடுதிப் பிள்ளைகள் கொஞ்சம் பேரை வைத்து மைக் இல்லாமல் பாடிப் பாருங்கள். பாட வந்தால் வரட்டும். ஸ்பீக்கர் சத்தம் சபையின் சத்தத்தை மீறக் கூடாது. புதுப் பாட்டு பாடுகிற குழு மாதம் ஒரு கீர்த்தனையும் ஒரு பாமாலையும் கற்றுக்கொள்ள வேண்டும். கொயர் தன் பங்குக்குச் சோல்ஃபா தெரியாத பிள்ளைகளைச் சேர்த்து, சொல்லித் தர வேண்டும். பாட்டின் வார்த்தையைச் சாப்ளினும் தமிழ்த் துறையில் ஒருவரும் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். இந்தக் கடைசி யோசனைக்கு மட்டும் இரு தரப்பும் ஒரே குரலில் ஆமென் சொன்னார்கள்.

மற்றவற்றில் பாதி நிறைவேறியது. டிரம்ஸ் வெளியே போய், தபேலா உள்ளே வந்திருக்கிறது. கொயர் மாஸ்டர் சனிக்கிழமை மாலை புதுப் பிள்ளைகளுக்கு சோல்ஃபா எடுக்கிறார். பழைய மாணவர் சிலர் இன்னும் நன்கொடையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது தவறு என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், பாட்டுக்காகப் பிள்ளைகளின் உதவித்தொகையில் கைவைக்கக் கூடாது.

உங்கள் தங்கையின் கல்லூரியில் யாராவது கேட்டால், புதுமை என்றால் சென்னை ஸ்டூடியோவையும் சிட்னியிலிருந்து வருகிற ஆங்கில ஆராதனைப் பாட்டையும் மட்டும் பார்க்க வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய இசைநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் சாம்பவர் வடகரையில் பிறந்தவர், நம் மண்ணின் கிறிஸ்தவர். பாட்டும் கட்டியவர். எங்கள் குழுவில் இருந்த மாணவர்களில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, எல்லோரும் பரட்டை அண்ணன் என்று கூப்பிட்டவர், நாட்டுப்புற மெட்டையும் ஒடுக்கப்பட்ட மக்களின் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். கீர்த்தனைகூட மேட்டிமை இசைதான் என்று அவர் வாதிட்டபோது கோபப்பட்டவர்கள் நிறைய. டிரம்ஸுக்கு இவ்வளவு பேசிய எங்கள் குழுவில் பறையைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, கேட்டவர்களும் சரி, எதிர்த்தவர்களும் சரி. அடுத்த கூட்டத்துக்கு அதை நான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.