நாட்டுச் சட்டம் இருக்கும்போது ஒவ்வொரு வெடிவைப்பு இடத்துக்கும் தனி விதிகள் எதற்கு?

கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. வெடிபொருள் சட்டமும் சுரங்க ஒழுங்குமுறைகளும் விரிவாக இருக்கும்போது, பாறை உடைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் எழுத்தில் தனி விதிகள் ஏன் கேட்கப்படுகின்றன என்பது ஒன்று. அப்படி எழுதப்பட்டவற்றுள் உண்மையில் பயன்படுவது எது, கோப்புக்காக மட்டும் எழுதப்பட்டது எது என்று எப்படிப் பிரித்தறிவது என்பது மற்றொன்று. கல்குவாரிகளின் பாதுகாப்பு ஆவணங்களைப் படித்துத் திருத்தும் பணியில் இருப்பதால், இரண்டாவது பகுதிக்கே கூடுதல் இடம் தருகிறேன்.

சட்டம் பெரும்பாலும் முடிவைச் சொல்லும். அதை அடையும் வழியை அந்த இடத்துக்கு விட்டுவிடும். வெடிக்கும் முன் ஆபத்துப் பகுதியில் ஒருவரும் இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால், அந்தப் பகுதிக்குள் வரும் ஒற்றையடிப் பாதை எது, பக்கத்து மேட்டுக்குப் பின்னால் ஆடு மேய்ப்பவர்கள் வருவார்களா, பணிமனையில் இயந்திரச் சத்தத்துக்குள் இருப்பவருக்குச் சங்கொலி கேட்குமா என்பவை சட்டத்தை எழுதியவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆகவே, தள விதிகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது ஆளும் இடமும் நேரமும்தான். 'தகுந்த எண்ணிக்கையில் காவலர்கள் நிறுத்தப்பட வேண்டும்' என்ற வரி சட்டத்தை மறுபடி எழுதியதே தவிர வேறில்லை. எந்தெந்த இடத்தில் காவலர் நிற்பார், அவரை அங்கே நிறுத்துவது யார், எந்தச் சொல் கிடைத்த பிறகே அவர் அங்கிருந்து நகரலாம் என்பவை இருந்தால்தான் அது அந்த இடத்தின் விதியாகும்.

இந்தக் காவல் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. திறந்தவெளிச் சுரங்கங்களில் நடந்த வெடிவைப்பு விபத்துகளை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, பறந்து வந்த கல்லும், ஆபத்துப் பகுதியை முழுமையாகக் காலி செய்யாததும்தான் பெரும்பங்கு வகித்தன. கல் பறப்பதை வடிவமைப்பால் குறைக்கலாம். வெடிமருந்து நிரப்பும் குழிக்கும் பாறை முகப்புக்கும் இடையே உள்ள தூரத்தைச் சரியாக அளப்பது, குழியின் வாயைப் போதிய அளவுக்கு நன்றாக அடைப்பது, பாறையில் வெடிப்போ மண் அடுக்கோ குறுக்கிடுகிறதா என்று துளைப்பவரிடம் கேட்டு எழுதி வைப்பது ஆகியவை அதற்கு உதவும். ஆனாலும் பாறைக்குள் இருப்பது முழுவதும் யாருக்கும் தெரியாது என்பதால், கடைசிப் பாதுகாப்பு தூரமும் காவலும்தான்.

காவலர்களிடமிருந்து பதில் பெறும் முறையில்தான் பல விதிகள் தடுமாறுகின்றன. 'தடை எதுவும் இருந்தால் தெரிவிக்கவும்' என்று எழுதியிருந்தால், பதில் வராததே அனுமதி என்று ஆகிவிடுகிறது. வாக்கி டாக்கியில் மின்கலம் தீர்ந்துபோன காவலரும் அனுமதி கொடுத்தவராகிவிடுகிறார். ஒவ்வொரு காவலரும் தன் இடத்தைச் சொல்லி 'காலியாக உள்ளது' என்று வாய்திறந்து அறிவிக்க வேண்டும், ஒருவரின் பதில் வராவிட்டாலும் வெடிப்பு நிற்க வேண்டும் என்பதே சரியான விதி. அதேபோல் எந்தக் காவலர் 'நிறுத்து' என்றாலும் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். விசாரணை பிறகு நடக்கட்டும். வெடிப்பைத் தூண்டும் கருவியான வெடிப்பொறியின் சாவி வெடிப்பவரின் கையைவிட்டு நீங்கக் கூடாது என்ற பழைய விதி இன்றும் அப்படியே பொருந்துகிறது.

இங்கே ஒரு முரண்பாடும் வரும். தகவலுக்கு வாக்கி டாக்கி வேண்டும். ஆனால், மின் டெட்டனேட்டர் (மின்னோட்டத்தால் வெடித்து, குழியிலுள்ள மருந்தையும் வெடிக்கச் செய்யும் சிறு குப்பி) பயன்படுத்தும் இடத்தில் ரேடியோ அலை பரப்பும் கருவியை அருகில் கொண்டுவரக் கூடாது, ஏனெனில் அந்த அலை கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டக்கூடும். இரண்டு விதிகளையும் தனித்தனிப் பக்கங்களில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த எல்லைக்கு வெளியே பேசலாம், உள்ளே இருப்பவருக்குக் கொடியாலா ஆள் மூலமாகவா தகவல் போகும் என்று ஒரே பத்தியில் தீர்த்து எழுதுவதுதான் தள விதியின் வேலை. மின்னல் விஷயத்தில் குழப்பமே வேண்டாம்: இடிமழை நெருங்கினால், எந்த வகை டெட்டனேட்டராக இருந்தாலும், வெடிமருந்து நிரப்புவதை நிறுத்திவிட்டு, வெடிக்கப்போவதாகவே கருதி அனைவரும் வெளியேற வேண்டும். மெல்லிய குழாய்க்குள் ஓடும் அதிர்வலையால் டெட்டனேட்டரை வெடிக்கச் செய்யும், மின்சாரம் இல்லாத அதிர்வுக் குழாய் முறைக்கு மின்னலால் ஆபத்தில்லை என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள், அது தவறு.

சங்கொலிக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமானால் அமெரிக்கக் கட்டுமானப் பாதுகாப்பு விதிகளைப் பார்க்கலாம். வெடிப்புச் சங்குக்கு 5 நிமிடம் முன்பு, 1 நிமிடம் நீடிக்கும் நீண்ட ஒலிகளின் தொடர். வெடிப்புக்கு 1 நிமிடம் முன்பு குறுகிய ஒலிகளின் தொடர்; இதுவே வெடிப்புச் சங்கு. வெடித்த இடத்தைச் சோதித்த பின் ஒரே நீண்ட ஒலி. எந்த முறையைப் பின்பற்றினாலும், அக்கம்பக்கத்தாருக்கு அதன் பொருள் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வெடிக்காமல் நின்றுபோன குழியைப் பற்றிய பகுதிதான் ஒரு ஆவணத்தின் தரத்தைக் காட்டும் என்பது என் கருத்து. அமெரிக்கச் சுரங்க விதிகளின்படி, திரி பயன்படுத்திய இடத்தில் 30 நிமிடமும், வேறு வகை டெட்டனேட்டர்களுக்கு 15 நிமிடமும், மின்னணு டெட்டனேட்டர்களுக்கு 30 நிமிடம், தயாரிப்பாளர் சொல்லும் நேரம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதுவும் காத்திருக்க வேண்டும். திரி தாமதமாக எரிந்து வெடிக்கக்கூடும். மின்னணு வகை தனக்குள்ளேயே மின்னாற்றலைச் சேமித்து வைத்திருக்கும். காரணத்தையும் சேர்த்து எழுதிவிட்டால், காத்திருப்பவர் பொறுமையிழப்பது குறையும். அதன்பின் உள்ளே போவது யார், அதுவரை காவலர்கள் நிற்பார்களா, அந்த இடம் எப்படி அடையாளமிடப்படும், பணிமுறை மாறும்போது அடுத்தவரிடம் எழுத்தில் எப்படி ஒப்படைக்கப்படும் என்பவையும் இருக்க வேண்டும். பழைய குழியின் அடிப்பகுதி எஞ்சியிருந்தால், அதற்குள்ளோ அதைத் தொடும்படியோ மறுபடி துளையிடக் கூடாது என்பதைத் தனி வரியாகவே எழுத வேண்டும். அதில் வெடிக்காத மருந்து தங்கியிருக்கக்கூடும்.

வெடிப்பால் நிலம் அதிர்வதற்கான வரம்பைப் பிற நாட்டு ஆவணத்திலிருந்து படியெடுப்பது ஆபத்தானது. இந்தியச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு, 8 ஹெர்ட்ஸுக்குக் குறைவான அதிர்வெண்ணில் வினாடிக்கு 5 மில்லிமீட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்கச் சுரங்கத் துறை 1980-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையோ, குறைந்த அதிர்வெண்ணில், உட்சுவர் சுண்ணப்பூச்சாக இருக்கும் வீடுகளுக்கு 12.7, புதிய வகை உட்சுவருள்ள வீடுகளுக்கு 19 மில்லிமீட்டர் என்று பரிந்துரைக்கிறது. கட்டடங்கள் வேறு, கணக்கும் வேறு. எங்கும் பொதுவாகச் சொல்லக்கூடியது, ஒரே தாமத நேரத்தில் (குழிகள் சிறு இடைவெளி விட்டு அடுத்தடுத்து வெடிக்கும்போது, ஒரே கணத்தில்) வெடிக்கும் மருந்தின் அளவை நான்கு மடங்காக்கினால், ஏறத்தாழ அதே அதிர்வுக்கு இரண்டு மடங்கு தூரம் தேவைப்படும் என்பதே. அதனால் தள விதியில் ஒரு தாமதத்துக்கான அதிகபட்ச மருந்தளவு, மிக அருகிலுள்ள வீட்டின் தூரத்தோடு சேர்த்து எழுதப்பட வேண்டும்.

காற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அம்மோனியம் நைட்ரேட் கலவை முழுமையாக வினைபுரியாவிட்டால் செம்மஞ்சள் நிறப் புகை எழும். அதில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடைச் சுவாசித்தவர் அப்போது நலமாகத் தெரிந்தாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துத் துன்பப்படக்கூடும். எனவே, காற்று வீசும் திசையில் ஆபத்துப் பகுதியை நீட்டுவதும், அந்தப் புகையில் சிக்கியவரை உடனே மருத்துவரிடம் அனுப்புவதும் விதியில் இருக்க வேண்டும். காலையில் தரையோரம் குளிர்ந்த காற்றும் மேலே வெப்பக் காற்றும் இருக்கும் வேளையில் வெடியோசை வெகுதூரம் போகும் என்பதால், வெடிக்கும் நேரத்தைப் பிற்பகலுக்குத் தள்ளுவது பல இடங்களில் பயன் தந்திருக்கிறது.

வெடிபொருள் கிடங்கு, கொண்டு செல்லும் வண்டி, கணக்கு ஆகியவற்றைப் பெரும்பாலும் சட்டமே விரிவாகச் சொல்லிவிடுகிறது. தள விதியில் சேர்க்க வேண்டியது, கிடங்கிலிருந்து எடுத்ததும், குழியில் போட்டதும், திரும்பியதும் அன்றைக்கே ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுபவர் யார் என்பது மட்டுமே.

கடைசியாக, விதியின் தேதியைப் பாருங்கள். குவாரியின் முகப்பு ஒரே இடத்தில் நிற்பதில்லை. சாலையை நோக்கியோ வீடுகளை நோக்கியோ நகர்ந்துகொண்டே இருக்கும். ஆபத்துப் பகுதியின் எல்லையை அன்றைய வெடிகுழிகளிலிருந்து அளக்காமல், பழைய வரைபடத்தில் வரைந்த வட்டத்தையே வைத்திருந்தால், காவலர் நிற்கும் இடமே ஒருநாள் ஆபத்துப் பகுதிக்குள் வந்துவிடும். ஆகவே, முகப்பு எவ்வளவு நகர்ந்தால், அருகில் எது புதிதாகக் கட்டப்பட்டால், மருந்தோ டெட்டனேட்டரோ எந்த வகைக்கு மாறினால் விதிகள் திருத்தப்பட வேண்டும் என்பதை அந்த ஆவணத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.