"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்": கேன்சர் வார்டு கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நோயாளியின் மகன் வராண்டாவிலேயே மடக்கி, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க" என்கிறார். அப்புறம் எப்படி அந்த அம்மாவிடம் கடைசிக்காலச் சிகிச்சை பற்றிப் பேசுவது?
- பயிற்சி மருத்துவர், மதுரை

பதில்: எங்கள் பயிற்சி வகுப்பில் முதலில் வரும் கேள்வியே இதுதான். மகனோடு மல்லுக்கட்டாதீர்கள், பயத்தில் பேசுகிறார், உட்காரவைத்து என்ன பயம் என்று கேளுங்கள். பிறகு அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்கம்மா? விவரத்தை உங்ககிட்ட சொல்லவா, தம்பிகிட்ட பேசிக்கவா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் இதைக் கேட்டதும் சேலை முந்தானையைக் கொஞ்ச நேரம் நீவிக்கொண்டே இருந்தார். அப்புறம், "மாசியில பேத்திக்குக் குலதெய்வம் கோயில்ல காதுகுத்து, அதுவரைக்கும் நடமாட்டமா இருக்கணும், அதுக்கப்புறம் மிஷின்ல மாட்டிப் போடாதீங்க" என்றார். அதை அவர் வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதினோம், கீமோ தேதிகளையும் அதற்கேற்ப மாற்றினோம்.

கேள்வி: கெட்ட செய்தியை நோயாளியிடம் படிப்படியாகச் சொல்வதற்கான ஸ்பைக்ஸ் முறையை மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் நோயாளி அழுதால் கை நடுங்குகிறது.
- முதுநிலை மாணவி

பதில்: 2000இல் வெளிவந்த அந்த ஆறு படிகளும் நல்லவைதான், ஐந்தாவது படியே நோயாளியின் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பதுதானே. ஆனால் அது படித்து வராது, நடித்துத்தான் பழக வேண்டும். ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி, மூன்றாமவர் கையில் கடிகாரம். அழுகை தொடங்கியபின் டாக்டர் எத்தனை விநாடி பேசாமல் இருக்கிறார் என்று அவர் குறிக்கட்டும், நாம் எவ்வளவு சீக்கிரம் ஸ்கேன் பேச்சுக்கு ஓடுகிறோம் என்று தெரியும். நோயாளியாக நடிக்க வார்டு சீனியர் நர்ஸைக் கூப்பிடுங்கள், நடுராத்திரியில் நோயாளிகள் சொல்வதையெல்லாம் கேட்டவர் அவர்.

கேள்வி: எப்போது பேசுவது?

பதில்: ஐ.சி.யு. வாசலில் வேண்டாம். நோய் பரவிவிட்டது என்று தெரிந்த பிறகு, ஆள் இன்னும் ஓ.பி.க்கு நடந்து வருகிற காலத்திலேயே, கொஞ்சம் கொஞ்சமாக.

கேள்வி: லிவிங் வில், அதாவது பின்னால் தன்னால் சொல்ல முடியாமல் போனால் என்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது, நம் நாட்டில் செல்லுமா?

பதில்: செல்லும். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது, அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்தும் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். தனக்காக யார் முடிவெடுப்பது என்பதையும் அதில் எழுத வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன், முதல் நாளே "உயில்" என்ற வார்த்தையை எடுக்காதீர்கள், நம் ஊர் வீடுகளில் அது உடனே வயல், வீட்டுப் பங்கு என்று சொத்துப் பேச்சாகி, அம்மா என்ன கேட்டார் என்பதே மறந்துபோகும்.