ஒழுங்காகத் தியானம் செய்பவருக்கு மனநல மருத்துவர் தேவையா?

"முறையாகத் தியானம் செய்தால் கவுன்சிலிங், மாத்திரை எதுவும் வேண்டாம் என்கிறார் எங்கள் குழுவின் மூத்தவர், அது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. ராத்திரி தூக்கம் வராமல்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று தோன்றுவதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ராமேஸ்வரம். வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறோம். அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து மறுநாளே கிளம்புகிறவர்கள் ஒரு ரகம். தனுஷ்கோடி மணலில் உட்கார வேண்டும், தன்னைத் தேட வேண்டும் என்று வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் இன்னொரு ரகம். இவர்களோடு ராத்திரி வெகுநேரம் பேசியிருக்கிறேன், நல்ல பிள்ளைகள். நான் தியானத்துக்கு எதிரி இல்லை, தினமும் விடியற்காலையில் நானும் உட்காருகிறவன்தான். இதைச் சொல்லாவிட்டால் சண்டைக்கு நாலு பேர் வருவார்கள்.

விஷயம் என் மச்சான், அக்கா வீட்டுக்காரர். நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வாடைக்காற்று சமயத்தில் படகு கவிழ்ந்து, டீசல் கேனைப் பிடித்து மிதந்து பிழைத்தார். கூடப் போன பையன் திரும்பவில்லை. அவன் கையை இவர் பிடித்திருந்தாராம், அலையில் நழுவிவிட்டது. அதிலிருந்து பேச்சுக்கு நடுவே வலது உள்ளங்கையைக் கைலியில் துடைப்பார். ஈரமே இருக்காது, துடைத்துக்கொண்டே இருப்பார்.

மாடியில் தங்கியிருந்த ஒரு தம்பி, பத்து நாள் மௌனப் பயிற்சிக்கெல்லாம் போய் வந்தவர், பாசத்தோடுதான் சொன்னார்: "அண்ணே, கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனிங்க. அந்த ஞாபகம் வந்தா வரட்டும், சாட்சியா பாருங்க." தண்ணீரில் மூச்சு முட்டிப் பிழைத்தவரிடம் மூச்சைக் கவனி என்றால் அவர் மனசு எங்கே போகும்? நடுராத்திரியில் சட்டையெல்லாம் வேர்வை, வாசலில் நின்று வாயால் மூச்சை இழுக்கிறார், அக்கா அழுகிறாள். தம்பியிடம் சொன்னால், "உள்ளே கிடக்கிற அழுக்கு வெளியே வருது, நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட போனா அது அமுங்கிடும்" என்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இனி அவரிடம் இதைப் பேச வேண்டாம் தம்பி என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய் அரசு மருத்துவரிடம் காட்டினோம். அது பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நின்றுபோயிருந்த சமயம். 2022 டிசம்பரில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் தீவுக்கு மறுபடி ரயில் வந்தது. பாலத்தைப் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு இது ஒரு செய்தி. கூட்டத்தைக் கண்டாலே நடுங்குகிற மனுஷனை நெரிசல் பஸ்ஸில் நிற்கவைத்துப் போன எங்களுக்குத்தான் அந்த இரண்டு வருஷம் என்னவென்று தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவர் முதலில் கண்ணை மூடாதீர்கள் என்றார். ஞாபகம் வந்தால் பாதத்தைத் தரையில் அழுத்தி, எதிரே தெரிவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்: கதவு, குடம், பல்பு. தூங்க மாத்திரை கொடுத்தார். அப்புறம் படகு கவிழ்ந்த அந்த ராத்திரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவைத்தார். மாசக்கணக்கில் ஆனது. இப்போது கடலுக்குப் போகிறார், காலையில் என் பக்கத்தில் கண்ணைத் திறந்தபடி உட்காரவும் செய்கிறார்.

எல்லோருக்கும் தியானத்தால் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. விபாசனா என்ற பத்து நாள் மௌனத் தியான முகாமுக்கான விண்ணப்பத்திலேயே மனநலப் பிரச்சினை உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார்கள். நடத்துகிறவர்களே கேட்பதை, போய்விட்டு வந்தவர்கள் ஏன் கேட்பதில்லை? மதயானையை வசப்படுத்தலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்று பாடிய தாயுமானவரின் சமாதி எங்கள் ராமநாதபுரத்தில்தான் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததும் எங்கள் மாவட்டத்தில்தான். மனநோய் தீர அதே ஏர்வாடியில் உள்ள தர்காவுக்கு வருகிற ஜனங்கள் இன்று துவாவும் கேட்கிறார்கள், அரசு மருத்துவர் தரும் மாத்திரையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

உட்கார்ந்தால் படபடப்பு கூடுகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் இப்போதைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், மூத்தவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நீங்கள் எங்கள் பக்கம் என்றால் கமெண்டில் சொல்லுங்கள், ஓ.பி. சீட்டு எங்கே போட வேண்டும் என்று விவரம் தருகிறேன்.